ஸ்ட்ராபெரி கசங்குகிறதா, பூசணம் பிடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஊட்டி, கோத்தகிரி போய்விட்டு மலையிறங்குகிறவர்கள் இரண்டு பெட்டி ஸ்ட்ராபெரியாவது வாங்காமல் வீடு வந்து சேர்வதில்லை. குளிர்காலம் வந்தால் மகாபலேஸ்வர் பெட்டிகளும் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பழக்கடைகளில் வந்து இறங்கிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் புளூபெரி கிடைக்கிறது. உடுமலை, கோபிப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்ப்பவர்களின் தோட்டத்தில், வெட்டாமல் ஓரமாக விட்ட மல்பெரிச் செடி பழம் பழுத்துக் கிடக்கும். ஆனி, ஆடியில் நாவல்.

இவற்றுக்கெல்லாம் தோல் இல்லை, இருந்தாலும் பேருக்குத்தான். கொய்யாவையும் மாங்காயையும் கழுவிப் பழகிய கையோடு இவற்றைத் தொட்டால் பாதி வீணாகும். வாங்குகிற விலைக்கு அது மனசு கேட்காத நஷ்டம். என் அனுபவத்தில், வீட்டில் கெடுகிற பழம் பெரும்பாலும் அழுக்கால் கெடுவதில்லை. கழுவிய பிறகு தங்கிவிட்ட ஈரத்தால்தான் கெடுகிறது. கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம். உங்கள் பெட்டியில் எது தெரிகிறதோ அங்கிருந்து படிக்கலாம்.

வீடு வந்து சேரும்போதே பெட்டியின் அடியில் சாறு

இதற்கும் கழுவுவதற்கும் சம்பந்தம் இல்லை. பழம் வழியிலேயே அடிபட்டிருக்கிறது, அல்லது வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சுற்றித்தான். குளிரில் பறித்த பழம் இரண்டு மூன்று மணி நேரத்தில் சமவெளி வெயிலுக்கு வந்துவிடுகிறது. அதுவும் காரின் பின்பக்கம் பைகளுக்கு நடுவே, கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டுகொண்டு. அடி வரிசைப் பழம் மேல் வரிசையின் பாரத்தில் நசுங்கிச் சாறு விடும். அந்தச் சாறு பக்கத்துப் பழங்களை நனைக்கும். அதன் பிறகு பெட்டி முழுக்கக் கெட அதிக நேரம் வேண்டாம்.

வாங்கும்போது பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே தெரிகிற சிவப்பை நம்பவே வேண்டாம். மேல் வரிசை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அடியில் சிவப்புக் கறை, பழத்தில் கருஞ்சிவப்பான மெத்துப் புள்ளி, பெட்டியின் உள்பக்கம் நீர்த்துளி, இதில் ஒன்று இருந்தாலும் வேறு பெட்டி எடுத்துக்கொள்ளலாம். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

“ஏனுங்கண்ணா, இது எப்பப் பறிச்சதுங்க?”

“காலைல வந்ததுங்கக்கா. நேத்துது இந்தப் பக்கம் இருக்குதுங்க, அது வேண்டாமுங்க.”

இப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பிரித்தே காட்டிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பெட்டியைத் திறந்து பழங்களை ஒரு பெரிய தாம்பாளத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புவது. கழுவ வேண்டாம். நசுங்கினதை ஒரு பக்கம், கெட்டியானதை ஒரு பக்கம் பிரியுங்கள். நசுங்கின பழத்தை அன்றே அலசி, அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடலாம், இல்லை சர்க்கரை போட்டு அடுப்பில் வைத்துவிடலாம். கெட்டியானதை, உலர்ந்த பருத்தித் துணி விரித்த டப்பாவில் ஒரே வரிசையாக அடுக்கி, மூடியை லேசாகத் திறந்தாற்போல் வைத்து ஃபிரிட்ஜுக்குள். காம்பும் பச்சை இதழும் அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் காலையில் சாம்பல் நிறப் பஞ்சு

இதைப் பார்த்ததும் ‘சரியாகக் கழுவாததால்தான்’ என்று நினைத்து, அடுத்த முறை வாங்கி வந்த உடனே மொத்தத்தையும் கழுவி வைக்கிறவர்கள் உண்டு. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.

அந்தச் சாம்பல் பஞ்சின் பேர் போட்ரைடிஸ். செடி பூத்திருக்கும்போதே பூவில் வந்து உட்கார்ந்து, காய் பழுக்கும்வரை சத்தமில்லாமல் உள்ளே காத்திருக்கக்கூடிய பூஞ்சை அது. அதனால் உங்கள் வீட்டுக்கு வரும்போதே விதை விழுந்தாயிற்று. முளைப்பதற்கு அதற்கு ஈரம் வேண்டும். கழுவி, துடைக்காமல், மூடி போட்டு வைத்தால் அந்த ஈரத்தை நாமே கொடுக்கிறோம். ஃபிரிட்ஜின் குளிர் இதை மெதுவாக்கும், நிறுத்தாது. பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில்கூட இது கொஞ்சம் கொஞ்சமாக வளரும்.

பஞ்சு கண்ட பழத்தைத் தூக்கி எறியுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கம் இந்தப் பழங்களுக்கு ஆகாது. சதை மெத்தென்று இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத இழை உள்ளே ஓடியிருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருந்த பழங்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கெட்டியாக, சுத்தமாக இருந்தால் அலசி அன்றே சாப்பிட்டுவிடலாம். மெத்தென்று இருந்தால் அதுவும் குப்பைக்கு. டப்பாவையும் துணியையும் மாற்றாமல் திரும்ப அதிலேயே வைப்பதில் பயன் இல்லை.

இரண்டு மூன்று நாள் வைத்துச் சாப்பிட வேண்டிய நிலைமை என்றால் ஒரு நல்ல வழி உண்டு: வெந்நீர்க் குளியல். 52 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் 30 விநாடி மட்டும் பழத்தை முக்கி எடுப்பது. மேல்பக்கத்துப் பூஞ்சையில் நிறைய அடங்கிவிடும். அந்த நேரத்துக்குள் சூடு சதைக்குள் இறங்காது. வெப்பமானி இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். நன்றாகக் கொதிக்கிற தண்ணீர் ஒரு லிட்டர், அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீர் இரண்டு லிட்டர் கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வந்துவிடும். இந்தக் கணக்கு 28 டிகிரித் தண்ணீருக்கு. சித்திரை மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் சில நாள் 40 டிகிரியைத் தொடும். அதைக் கலந்தால் 60 டிகிரி ஆகிப் பழம் வெந்துவிடும். அதனால் வீட்டுக்குள் நிழலில் இருக்கும் குடத்துத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்களை ஓட்டைச் சல்லடையில் போட்டு, மொத்தமாக முக்கி, முப்பது எண்ணி, மொத்தமாகத் தூக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தால் முதல் பழத்துக்கும் கடைசிப் பழத்துக்கும் கணக்கு மாறிப்போகும். தூக்கினதும் ஃபேன் காற்றில் துணிமேல் பரப்பி, முழுக்க உலர்ந்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். உலர்த்த நேரம் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கழுவினதும் கொழகொழப்பு, ருசி சப்பென்று

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் பழம் போகிறது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவுவது. ஸ்ட்ராபெரியின் பச்சைத் தொப்பியை எடுத்ததும் நடுவில் ஒரு சின்னக் குழி திறந்துகொள்ளும். ஒரு பழத்தை அப்படித் தொப்பி எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, எடுத்துப் பாதியாக வெட்டிப் பாருங்கள். குழியைச் சுற்றிச் சதை வெளுத்து, கண்ணாடிபோல ஈரம் கோத்து நிற்கும். கடித்தால் அந்த இடத்தில் தண்ணீர்தான் வரும். தொப்பியோடு கழுவி, துடைத்து, அப்புறம் கிள்ளினால் இந்தத் தொல்லை இல்லை. மல்பெரிக்கும் இதேதான். அதன் சின்னப் பச்சைக் காம்பு இழுத்தால் சுலபத்தில் வராது. இழுக்கிற இழுப்பில் பழம்தான் பிய்யும். அதை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஊற வைப்பது. கீரையைப் போசி நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசுகிற பழக்கம் நமக்கு. பெர்ரிக்கு அது வேண்டாம். ராஸ்பெரி கிடைத்தால் இன்னும் கவனமாக இருங்கள். அதன் நடு வெறும் கூடு, தண்ணீர் நின்றால் வெளியே போக வழியில்லை.

மூன்றாவது, வேகமாகத் திறந்த குழாயடியில் நேராகப் பிடிப்பது. மேல் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரின் வேகம் ஒரு மல்பெரிக்கு அடி விழுந்த மாதிரிதான்.

சரியான முறை இப்படி. பழம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கும்போதே கழுவுங்கள். குளிர்ந்த பழம் கெட்டியாக இருக்கும், கைபட்டுக் கசங்குவது குறையும். வெயிலில் வந்த சூட்டோடு இருக்கும் பழத்தைச் சில்லென்ற தண்ணீரில் போடுவதுதான் தப்பு. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளித் தண்ணீரை அழுக்கோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கைகளை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். ஒரு சல்லடையில் இரண்டு கைப்பிடிக்கு மேல் போடாமல், குழாயை நூல்போலத் திறந்து, அல்லது சொம்பிலிருந்து மெல்ல ஊற்றி, சல்லடையை அசைத்து அசைத்துப் பழத்தைத் திருப்பிவிடுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம். அரை நிமிடம் போதும். மண் ஒட்டியிருந்தால் மட்டும் குண்டாவில் தண்ணீர் வைத்து, சல்லடையோடு இரண்டு தரம் முக்கி எடுத்து, அப்புறம் ஊற்றி அலசலாம்.

அடுத்தது உலர்த்துவது. கழுவுவதைவிட இதற்குத்தான் கவனம் கூட வேண்டும். பல தரம் துவைத்துப் பழசான பருத்தித் துண்டு இதற்குக் கிடைக்கும் சாமான்களிலேயே சிறந்தது. ஈரோட்டில் வாங்கின புதுத் துண்டு என்றால் அதில் கஞ்சி இருக்கும். தண்ணீரை உறிஞ்சாமல் மேலேயே நிறுத்தும். பழைய துண்டை இரண்டாக மடித்து விரித்து, பழங்களைத் தொப்பி கீழே இருக்கும்படி பரப்பி, இன்னொரு துணியின் ஓரத்தால் மேலே ஒற்றி எடுங்கள். ஃபேன் அடியில் கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம். தொப்பியின் இதழுக்கு அடியில் விரல் வைத்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அங்கே ஈரம் ஒளிந்திருக்கும், பூசணமும் அடிக்கடி அங்கிருந்துதான் கிளம்பும்.

எப்போது கழுவலாம் என்று கேட்டால், சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், தேவையான அளவை மட்டும். பிள்ளைகள் பள்ளிக்கூட டிபனில் கொண்டு போகிறார்கள் என்றால், காலையில் எழுந்ததும் கழுவி உலரப் போட்டுவிட்டால் கிளம்புவதற்குள் தயாராகிவிடும். ராத்திரியே கழுவி வைப்பது சௌகரியம்தான், ஆனால் மதியம் டப்பாவைத் திறக்கும்போது கூழாக இருக்கும்.

பழத்தின்மேல் வெள்ளைப் படிவு

புளூபெரியிலும், தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பன்னீர் திராட்சையிலும் சீராக, மாவு தூவினாற்போல் ஒரு வெளுப்பு இருக்கும். அது பழமே சுரக்கும் மெழுகு. ஈரம் போகாமலும் கிருமி ஏறாமலும் காப்பது அதுதான். தேய்த்தால் போய்விடும், போனால் பழம் சீக்கிரம் வாடும். அதனால் அதைப் பார்த்து மருந்து என்று பயந்து, பளபளப்பாகும்வரை தேய்த்து ஃபிரிட்ஜில் வைப்பது பழத்துக்குக் கெடுதல். தெளித்த மருந்தோ தூசியோ என்றால் சீராக இருக்காது. துளி வழிந்து காய்ந்த வளையமாக, திட்டுத்திட்டாக, கொத்தின் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்.

கழுவுவதற்கு முன்னால் இல்லாத வெளுப்பு கழுவிக் காய்ந்த பிறகு வந்தால் அது உங்கள் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயமுத்தூர் வீடுகளில் இந்தப் பேச்சே வராது. அவிநாசி, பல்லடம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவினால், எவர்சில்வர் குண்டாவில் படிகிற அதே வெள்ளை பழத்திலும் படியும். முதல் அலசலுக்கு உப்புத் தண்ணீர் இருக்கட்டும்; கடைசியாக ஒரு சொம்பு குடிக்கிற தண்ணீர் ஊற்றிவிடுங்கள். படிவுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தப் பழங்களைத் தோல் சீவாமல், வேக வைக்காமல் அப்படியே வாயில் போடுகிறோம். கடைசியாகப் படுகிற தண்ணீர் குடிக்கத் தகுந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டால் புழு வெளியே வருகிறது

வரலாம். பழ ஈ பழத்துக்குள் முட்டை வைத்திருந்தால், நூல் துண்டுபோல வெள்ளைப் புழு நெளிந்து வரும். பார்க்க அருவருப்பாக இருக்கும், தெரியாமல் விழுங்கியிருந்தாலும் பயப்பட ஒன்றும் இல்லை. நாவல்பழத்தில் இது சகஜம். அம்மாவைப் பெற்ற அமுச்சி காலத்திலிருந்தே நாவலைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுகிறோம். தரையில் விழுந்து வெடித்த நாவலில் மண்ணும் சேர்ந்திருக்கும். கெட்டியானதாகப் பொறுக்கி, உப்புப் போட்டு ஊற வைத்து அலசலாம், நாவல் தாங்கும்.

ஸ்ட்ராபெரிக்குச் சந்தேகம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, கால் மணி நேரம். அதன் பிறகு நல்ல தண்ணீரில் அலசி உடனே சாப்பிட்டுவிட வேண்டும், எடுத்து வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் செய்கிற வேலையாக இதை வைத்துக்கொண்டால் ஒரு நாளும் நல்ல ஸ்ட்ராபெரியின் ருசி தெரியாது.

வினிகர் வாடை, சோடா வழவழப்பு, சோப்பு நாற்றம்

சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் வேண்டவே வேண்டாம். தோலில்லாத பழம் அதை உறிஞ்சிக்கொள்ளும், எத்தனை அலசினாலும் முழுக்கப் போகாது.

வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு என்கிற கலவை மேல்பக்கத்துப் பூஞ்சையைக் குறைக்க உதவும். ஓரிரு நிமிடத்தில் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசினால் வாடை நிற்காது. வாடை நின்றால் நீங்கள் அதிகநேரம் விட்டிருக்கிறீர்கள், அல்லது பழத்தில் ஏற்கெனவே காயம் இருந்திருக்கிறது. என்னைக் கேட்டால் வெந்நீர் முறை இதைவிட மேல். ருசியில் ஒன்றும் ஒட்டாது.

சமையல் சோடாவைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 2017-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு சதவீதச் சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது மேல்பக்கத்து மருந்து போனது. ஆனால் தோலுக்குள் இறங்கியிருந்தது போகவில்லை. அந்த ஆய்வு ஆப்பிளுக்கு. ஸ்ட்ராபெரி கால் மணி நேரம் சோடாவில் கிடந்தால் நிறமும் மங்கும், மேலே வழவழப்பும் வரும். மருந்து பயம் உண்மையான பயம்தான், அதை நான் தள்ளிவிடவில்லை. ஓடுகிற தண்ணீரில் மேலே இருப்பது ஓரளவு போகும். உள்ளே இறங்கினதை வீட்டில் எந்தக் கரைசலும் வெளியே எடுக்காது. அந்தக் கவலைக்கு விடை, எப்படி வளர்த்தார்கள் என்று தெரிந்த இடத்தில் வாங்குவதுதான். மல்பெரிக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: பட்டுப்பூச்சிக்குத் தழை போடுகிற தோட்டத்தில் சாதாரணமாக மருந்துக்குப் பயப்படுவார்கள், பூச்சி செத்துவிடும். ஆனாலும் கடைசியாக எப்போது தெளித்தார்கள் என்று தோட்டக்காரரைக் கேட்டுவிட்டே பறிக்கலாம்.

கடித்தால் நறநறவென்று

ஸ்ட்ராபெரியின் மேலே இருக்கும் விதைப் பள்ளங்களில் மண் நிற்கும். மழை நாளில் பறித்ததில் கூடுதல். தொப்பி மேலே இருக்கும்படி பிடித்து, சொம்புத் தண்ணீரை மேலிருந்து வழியவிட்டால் இறங்கிவிடும். பல் துலக்கும் பிரஷ் வேண்டாம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வேர்த்துப்போகிறது

நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த பழத்தில் படிவதுதான். சாப்பிடப் போகிற பழமென்றால் பரவாயில்லை. மொத்த டப்பாவையும் வெளியே எடுத்து வைத்து, ஆளுக்கு நாலு எடுத்துக்கொண்டு மீதியை வேர்வையோடு உள்ளே தள்ளுவதுதான் கெடுதல். வேண்டியதை எடுத்துக்கொண்டு டப்பாவை உடனே மூடிவிடுங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் உள்பக்கமாக வைத்தால் குளிர் மாறாமல் இருக்கும்.

இரண்டு நாள் வைத்தும் புளிப்பு போகவில்லை

போகாது. வாழை, மாம்பழம்போல ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுக்காது. காம்பை ஒட்டிய தோள்பட்டை வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் சிவக்கலாம், இனிப்பு ஏறாது. சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்து, அந்தச் சாற்றோடு தயிரில் போட்டுச் சாப்பிடுங்கள்.

மல்பெரிக் கறை சோப்புப் போட்டதும் நீலமாகிறது

மல்பெரி, நாவல், புளூபெரி எல்லாவற்றின் நிறமும் புளிப்பு பட்டால் சிவக்கும், காரம் பட்டால் நீலமாகும். சோப்பு காரம். அதனால் சட்டையில் பட்டதும் சோப்பை எடுக்காதீர்கள். முதலில் பச்சைத் தண்ணீரில், கறையின் பின்பக்கமிருந்து அலசுங்கள். அப்புறம் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு அலசுங்கள். வெள்ளைப் பருத்தி வேட்டி என்றால் போசியின் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, கறையின்மேல் கொதிநீரைச் சற்று உயரத்திலிருந்து ஊற்றினால் கண்ணெதிரே கரைந்து இறங்கும். பட்டுக்கு இதைச் செய்யவே கூடாது. கறை போன பிறகு வழக்கம்போலத் துவைக்கலாம். விரல் கறைக்கும் எலுமிச்சைதான்.

இந்தப் பழங்களை அலுமினியம், இரும்புப் பாத்திரத்தில் அலசி வைக்காமல் எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ வையுங்கள்; மற்றதில் நிறம் கருத்து மங்கும்.

ஃப்ரீசரில் வைத்தது ஒரே கட்டியாகிவிட்டது

ஈரத்தோடு, ஒன்றாகக் கொட்டி வைத்திருக்கிறீர்கள். கழுவி முழுக்க உலர்த்தி, ஸ்ட்ராபெரி என்றால் இந்தக் கட்டத்தில் தொப்பியைக் கிள்ளி, ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி முதலில் உறைய விடுங்கள். கல்லாக இறுகிய பிறகு காற்றை அமுக்கி எடுத்த பையில் போட்டு மூடினால் கட்டியாகாது. வேண்டும்போது கைப்பிடி கைப்பிடியாக எடுக்கலாம். உருகினால் பழைய கெட்டி திரும்ப வராது, அதனால் மில்க் ஷேக்குக்கும் ஜாமுக்கும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கட்டியானதை உடைக்கப் போராட வேண்டாம். கட்டியோடு அப்படியே அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, எடைக்குப் பாதி சர்க்கரையும் ஒரு எலுமிச்சையும் சேர்த்து மெல்லிய தீயில் வைத்தால், அதுவே இளகிச் சாறு விட்டு ஜாமாகத் திரளும். சர்க்கரை குறைவாகப் போட்ட ஜாம் என்பதால் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.